இன்வெர்ட்டர் இருக்கு, ஆனாலும் கரண்ட் போனா நெட் கட் ஆகுது. ரவுட்டருக்குத் தனியா என்ன போடலாம்?

பென்னாகரம் ரோடு

வணக்கம். பென்னாகரத்துக்கும் பாப்பாரப்பட்டிக்கும் நடுவுல இருக்கிற ஒரு சின்ன ஊர்ல இருந்து எழுதறேன். வீட்டுல இருந்தே மெடிக்கல் கோடிங் வேலை. சாயங்காலம் ஆறரைக்கு உட்கார்ந்தா விடியக்காலை மூணரைக்குத்தான் எழுந்திருப்பேன். எங்க ஊருக்கு ஃபைபர் லைன் வந்து ஒண்ணரை வருஷம் ஆகுது. அதுக்கு முன்னாடி இதே வேலைக்காக தர்மபுரியில ரூம் எடுத்துத் தங்கியிருந்தேன். பையனை அத்தைகிட்ட விட்டுட்டு சனிக்கிழமை சனிக்கிழமை வந்து பார்த்துட்டுப் போவேன். அப்போ அவனுக்கு ரெண்டு வயசு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நான் செருப்பு மாட்டினாலே அழ ஆரம்பிச்சிடுவான். இந்த ஒயர் வீட்டுக்குள்ள வந்ததாலதான் நான் வீட்டோட இருக்கேன். அதனால விஷயத்தை முழுசா சொல்றேன், பொறுமையா படிச்சுட்டு பதில் சொல்லுங்க.

வீட்டுல 900 வி.ஏ. இன்வெர்ட்டர் இருக்கு. 150 ஆம்பியர் அவர் டியூபுலர் பேட்டரி. வீட்டுல ரெண்டு ஃபேன், மூணு லைட், பின்னாடி பட்டுப்புழு மனையில ரெண்டு லைட், கூடவே ரவுட்டர். கரண்ட் போனா ஃபேன் ஓடிட்டே இருக்கும், லைட் ஒரு சிமிட்டு சிமிட்டும், அவ்வளவுதான். ரவுட்டர் மட்டும் அணைஞ்சு முதல்ல இருந்து ஆரம்பிக்குது. பவர் லைட் வந்து, ஃபைபர் லைன் கிடைச்சதைக் காட்டற பான் லைட் சிமிட்டி நின்னு, இன்டர்நெட் லைட் வர மூணு நிமிஷம் ஆகுது. அப்புறம் ஆபீஸ் நெட்வொர்க்குக்குள்ள போற வி.பி.என். திரும்பப் போடணும், அதுக்கு ஓ.டி.பி. வரணும், எங்க வீட்டுக்குள்ள செல்போன் டவர் சரியா எடுக்காது, ஓ.டி.பி.க்காக வாசலுக்குப் போய் நிக்கணும். எல்லாம் சேர்ந்து எட்டு நிமிஷம். கரண்ட் திரும்பி வரும்போதும் சில தடவை இதேதான். போன சித்திரையில காத்தும் இடியுமா இருந்த ஒரு ராத்திரி அஞ்சு தடவை இப்படி ஆச்சு. லாக் அவுட் ஆன நேரத்தை எல்லாம் ஆபீஸ்ல கணக்கு வைக்கிறாங்க.

ஹாட்ஸ்பாட் போட்டுப் பார்த்தாச்சு. மொட்டை மாடிக்கு ஏறினா ரெண்டு கோடு காட்டும், கீழ இறங்கினா ஒண்ணும் இல்ல.

ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் ஒண்ணேதான், தனித்தனி இல்ல. அடாப்டர்ல 12 வோல்ட் 1.5 ஆம்பியர்னு போட்டிருக்கு. ஆன்லைன்ல ரவுட்டருக்குன்னே பேட்டரி வச்ச சின்னப் பெட்டி, மினி யு.பி.எஸ்.னு 900 ரூபாயில இருந்து 2,500 வரைக்கும் காட்டுது. 10,000 எம்.ஏ.எச்., எட்டு மணி நேரம் வரும்னு போட்டிருக்கான். நம்பி வாங்கலாமா? இல்ல கம்ப்யூட்டருக்குப் போடற யு.பி.எஸ். வாங்கினா நல்லதா?

ஓசூர் ஷிஃப்ட்

காசு செலவு பண்றதுக்கு முன்னாடி இன்வெர்ட்டர் பின்பக்கம் பாருங்க. சின்னதா ஒரு தள்ளு சுவிட்ச் இருக்கும், ஒரு பக்கம் யு.பி.எஸ்., இன்னொரு பக்கம் நார்மல் அல்லது ஈகோன்னு எழுதியிருக்கும். நார்மல்ல இருந்தா பேட்டரிக்கு மாற 40 மில்லி செகண்ட் வரைக்கும் எடுத்துக்கும். யு.பி.எஸ்.ல வச்சா 10 மில்லி செகண்ட் பக்கம் வந்துடும். ஃபேனுக்கு அந்த இடைவெளி தெரியாது. அடாப்டருக்குள்ள இருக்கிற கெப்பாசிட்டர் கொஞ்ச நேரம்தான் தாக்குப் பிடிக்கும், 40ன்னா விட்டுடும். எங்க வீட்டுல சுவிட்சை மாத்தினதோட சரியாப் போச்சு.

பென்னாகரம் ரோடு

ரொம்ப நன்றிங்க. சுவிட்ச் இருந்துச்சு, நார்மல்லதான் இருந்துச்சு. வெள்ளிக்கிழமை மாத்தினேன். வீட்டுக்காரர் மெயினை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்த்தார், பத்துத் தடவையும் ரவுட்டர் அணையவே இல்ல. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆனா சனிக்கிழமை ராத்திரி வேற வினை வந்துடுச்சு. கரண்ட் இருக்கும்போதே இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் போயிடுது. டக்குனு மாறும், பத்து நிமிஷம் கழிச்சுத் திரும்பும், மறுபடி மாறும். ராத்திரி ஒரு மணிக்கு பீப் பீப்னு கத்திட்டு மொத்தமா அணைஞ்சிடுச்சு. வெளியில தெரு லைட் மங்கலா எரிஞ்சுட்டு இருக்கு, எங்க வீட்டுல மட்டும் இருட்டு. அத்தை அந்த நேரத்துக்குத்தான் புழுவுக்குத் தழை போட எழுந்தாங்க. புழு பெரிசாகி நல்லா தின்னுட்டு இருக்கிற சமயம், ஒரு வேளை தழை தள்ளிப் போகக் கூடாது. செல்போன் டார்ச்சை நான் பிடிக்க, அவங்க தட்டு தட்டாப் போட்டு முடிச்சாங்க. அவங்க ஒரு வார்த்தை சொல்லல. எனக்குத்தான் மனசு கேக்கல, என் வேலைக்காக அவங்க வேலை கெடக் கூடாது இல்லையா. சுவிட்சைப் பழையபடி நார்மல்லயே வச்சுட்டேன்.

இது ஏன் இப்படி ஆச்சுன்னு யாராவது சொல்லுங்க.

காவேரிப்பட்டணம் கேபிள்

தங்கச்சி, நான் பதினோரு வருஷமா கேபிள், ஃபைபர் லைன் வேலைதான் பார்க்கிறேன். நீ எழுதினது ஒவ்வொண்ணும் எனக்குத் தெரிஞ்ச வீடு மாதிரி இருக்கு, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

முதல்ல சனிக்கிழமை நடந்தது. யு.பி.எஸ். மோடுல வச்சா இன்வெர்ட்டர் கரண்டைக் கண்டிப்பாப் பார்க்கும். பெரும்பாலான கம்பெனியில 180 வோல்ட்டுக்குக் கீழ இறங்கினா "இது கரண்டே இல்ல"ன்னு முடிவு பண்ணி பேட்டரிக்குப் போயிடும். நார்மல்ல வச்சா 100, 110 வரைக்கும் விட்டுக் கொடுத்து அந்தக் கரண்டையே உள்ள விடும். உங்க பக்கம் ராத்திரி மோட்டார் ஓடற நேரத்துல வோல்டேஜ் 170க்கு வந்திருக்கும். தெரு லைட் மங்கலா எரிஞ்சதுன்னு நீயே சொல்லிட்ட. ஓசூர்ல டவுனுக்குள்ள 220 நிலையா இருக்கும், அங்க அந்த சுவிட்ச் போதும். கிணத்து மோட்டார் இருக்கிற ஊருக்கு அது ஒத்து வராது. நார்மல்லயே விடு, அதுதான் சரி.

இப்ப ரவுட்டருக்கு வருவோம். உனக்குத் தேவை எட்டு மணி நேரம் இல்ல. அரை செகண்ட். இன்வெர்ட்டர் மாறற அந்தக் கண் சிமிட்டற நேரத்தைத் தாண்டிவிட ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான். அதுக்கப்புறம் உன் 150 ஆம்பியர் பேட்டரி பார்த்துக்கும். அதனால 10,000 எம்.ஏ.எச். பெட்டியைத் தேடாதே. சின்னதா, நல்லதா ஒரு 12 வோல்ட் மினி யு.பி.எஸ். வாங்கி, அதை சுவத்துல இருக்கிற மெயின் பாயிண்ட்ல போடாம இன்வெர்ட்டர் பாயிண்ட்லயே போடு. கரண்டு, இன்வெர்ட்டர், மினி யு.பி.எஸ்., ரவுட்டர். இந்த வரிசை. மினி யு.பி.எஸ்.ல மாத்தறதுங்கிற வேலையே பெருசா கிடையாது, உள்ள இருக்கிற பேட்டரி எப்பவும் வெளியே போற லைனோடயே நிக்குது, மேல இருந்து வர்றது நின்னா அது கொடுக்க ஆரம்பிச்சிடும். பகல்ல ஒன்பது மணிக்கு ஷட்டவுன் எடுத்து சாயங்காலம் வரைக்கும் வராத நாள்ல இன்வெர்ட்டர் கடைசியில படுத்துடுச்சுன்னா, அதுக்கு மேல ரெண்டு ரெண்டரை மணி நேரம் இந்தச் சின்னப் பெட்டி இழுக்கும்.

அந்த எம்.ஏ.எச். கணக்கையும் சொல்லிடறேன், எத்தனையோ பேர் இதுல ஏமாந்து என்கிட்ட வந்து நின்னுருக்காங்க. இந்தப் பெட்டியைப் பிரிச்சா பெரும்பாலும் உள்ள மூணு லித்தியம் செல் இருக்கும், நம்ம கட்டைவிரல் தடிமன், 3.7 வோல்ட், ஒவ்வொண்ணும் 2,000 எம்.ஏ.எச்.னு வச்சுக்கோ. மூணையும் கூட்டி 6,000னு அட்டையில போடுவான். ஆனா அந்த 6,000 என்பது 3.7 வோல்ட்ல. உன் ரவுட்டருக்கு வேண்டியது 12 வோல்ட். வாட் கணக்குல பார்த்தா 3.7 பெருக்கல் 2 பெருக்கல் 3, மொத்தம் 22 வாட் அவர். உன் அடாப்டர்ல 1.5 ஆம்பியர்னு இருக்கிறது உச்ச அளவு. நான் மீட்டர் வச்சுப் பார்த்த வரைக்கும் இந்த மாதிரிப் பெட்டி 0.5ல இருந்து 0.7 ஆம்பியர்தான் எடுக்கும், அதாவது ஆறுல இருந்து எட்டரை வாட்டுக்குள்ள. 22ஐ 7ஆல வகுத்தா மூணு மணி நேரம், நடுவுல வீணாப் போறதைக் கழிச்சா ரெண்டரை. அந்த 10,000 பெட்டியும் இதே கணக்குல 37 வாட் அவர், நாலரை மணி நேரம் வந்தா அதிகம். எட்டு மணி நேரம் வராது.

கம்ப்யூட்டர் யு.பி.எஸ். வேண்டாம். அது 12 வோல்ட் பேட்டரியை 230 ஆக்கி, அதை அடாப்டர் திரும்ப 12 ஆக்கி... ஏழு வாட் ரவுட்டருக்காக அது தானே அதைவிட அதிகமா குடிச்சிடும். உள்ள இருக்கிற 7 ஆம்பியர் லெட் பேட்டரி நம்ம ஊர் வெயிலுக்கு ரெண்டு வருஷம் தாங்கினாப் பெரிசு. லெட் பேட்டரிக்கு 25 டிகிரிக்கு மேல ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுசு பாதியாக் குறையும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது: பின். இதுல கோட்டை விட்டா எல்லாம் வீண். வெளி விட்டம் பெரும்பாலும் 5.5 மில்லிமீட்டர்தான், பார்க்க ஒரே மாதிரி இருக்கும். நடு ஓட்டை மட்டும் 2.1, 2.5னு ரெண்டு அளவு. ரவுட்டர்ல நடுக்கம்பி மெல்லிசா இருந்து நீ 2.5 பின்னைச் சொருகினா உள்ள போகும், எரியும், ஆனா பிடிப்பு இருக்காது. பையன் மேஜையை ஆட்டினா ரவுட்டர் அணையும். அப்புறம் அடாப்டர் மேல வட்டம் போட்டு பிளஸ் மைனஸ் படம் இருக்கும், நடுவுல பிளஸ்னு இருக்கான்னு பாரு. பழைய ரவுட்டர் சிலது 9 வோல்ட், உன்னோடது 12ங்கிறதால பிரச்சனை இல்ல.

இன்னொண்ணு, மினி யு.பி.எஸ்.க்கு மேல இருந்து கொடுக்கிற அடாப்டர் 2 ஆம்பியரா இருந்தா நல்லது. ரவுட்டரையும் ஓட்டணும், செல்லையும் ஏத்தணும் இல்லையா. ரவுட்டர் தலைமேல வைக்காதே, ரெண்டு சூடும் சேர்ந்து செல் சீக்கிரம் போயிடும். ஷீட் வீடா இருந்தா கீழ, சுவர் ஓரமா வை.

இதெல்லாம் உன் வீட்டுப் பக்கம். லைன்ல பாதி அந்தப் பக்கம் இருக்கு, அதையும் பார்த்துடு. கம்பத்துல தொங்கற கறுப்புப் பெட்டிக்குக் கரண்ட் தேவையில்ல, அது வெளிச்சத்தைப் பிரிச்சு அனுப்பற கண்ணாடிதான். ஆனா அந்த வெளிச்சத்தை அனுப்பற மெஷின், நாங்க ஓ.எல்.டி.ன்னு சொல்வோம், அதுக்குக் கரண்ட் வேணும். கிராமத்து லைன்ல அதைச் சின்னதா ஒண்ணு யாராவது வீட்டு மாடியில வச்சிருப்பாங்க. ஒரு போர்ட்ல 64 வீடு வரைக்கும் ஓட்டலாம். அடுத்த தடவை ஊர் முழுக்கக் கரண்ட் போகும்போது ரவுட்டர்ல எல்.ஓ.எஸ்.னு போட்டிருக்கிற லைட்டைப் பார்த்துட்டே இரு, ஃபைபர்ல வெளிச்சம் வரலைன்னா அதுதான் சிவப்பாகும். உடனே சிவப்பு அடிச்சா அந்த மெஷினுக்கு பேக்கப்பே இல்லன்னு அர்த்தம். கால் மணி, அரை மணி கழிச்சு அடிச்சா அங்க இருக்கிற பேட்டரி செத்துட்டு இருக்கு. சிவப்பே வரலைன்னா நீ கொடுத்து வச்சவ.

தளி ரோடு

காலேஜ் படிக்கிறேன் அண்ணா. மினி யு.பி.எஸ். வாங்காம என்கிட்ட இருக்கிற 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க்ல 12 வோல்ட் கேபிள் போட்டு ஓட்டலாமா?

காவேரிப்பட்டணம் கேபிள்

ஓட்டலாம் தம்பி, ஆனா கரண்ட் போனப்புறம் கையால மாத்திச் சொருகறதுக்குத்தான் சரி. சார்ஜ்ல போட்டபடியே ஓட்டினா, கரண்ட் போற அந்த நொடி நிறைய பவர் பேங்க் ஒரு தடவை அணைஞ்சு வரும், ரவுட்டரும் கூடவே போகும். டைப் சி கேபிள்னா இன்னொண்ணு பாரு. பி.டி.யில, அதாவது டைப் சி வழியா அதிக பவர் கொடுக்கிற முறையில, முறைப்படி இருக்கிற வோல்ட் 5, 9, 15, 20தான். 12 கொடுக்கிறதும் கொடுக்காததும் கம்பெனிக்காரன் இஷ்டம். உன் பவர் பேங்க் பின்னாடி எழுத்துல 12ன்னு இருந்தா மட்டும் கேபிள் வாங்கு.

ஊத்தங்கரை மாந்தோப்பு

நான் சொல்றது நாள்கணக்குல கரண்ட் இல்லாம போறதைப் பத்தி. 2024 டிசம்பர் முதல் வாரம் ஃபெஞ்சல் புயல் மழை எல்லாருக்கும் நினைவிருக்கும். ஊத்தங்கரையில மட்டும் ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர். ஏரி தண்ணி ரோட்டுக்கு வந்து வண்டிகளை உருட்டிட்டுப் போச்சு. எங்க தெருவுல மூணு நாள் கரண்ட் இல்ல. முதல் நாளே இன்வெர்ட்டர் தீர்ந்துடுச்சு, மொபைல் டவரும் அன்னைக்கு சாயங்காலம் போயிடுச்சு. என் அண்ணன் மகன் டிராக்டர் பேட்டரியைக் கழட்டி வீட்டுக்குள்ள கொண்டு வந்து ரவுட்டரை எரிய வச்சான். எரிஞ்சது, ஆனா எல்.ஓ.எஸ். சிவப்பு. மரம் விழுந்து ஃபைபரே அறுந்து கிடந்தது.

அந்த பேட்டரி வீணாகல. கார் சார்ஜர் ஒண்ணை அதுல மாட்டி மூணு நாளும் தெருவுல இருந்த அத்தனை பேருக்கும் செல்போன் ஏத்திக் கொடுத்தோம். ரெண்டாவது நாள் டவர் வந்ததும் பெங்களூர்ல இருக்கிற பிள்ளைகளுக்கு ஒவ்வொருத்தரா பேசினாங்க. பக்கத்து வீட்டுப் பாட்டி பேசிட்டு போனைத் திருப்பிக் கொடுக்கும்போது என் கையைப் பிடிச்சுட்டாங்க.

டிராக்டர் பேட்டரியில செய்யறவங்களுக்கு ரெண்டு எச்சரிக்கை. எஞ்சின் ஓடும்போது அதுல 14 வோல்ட்டுக்கு மேல வரும், அப்போ ரவுட்டரை நேரடியா மாட்டாதீங்க. அப்புறம் பிளஸ் ஒயர்ல 2 ஆம்பியர் ஃபியூஸ் ஒண்ணு கட்டாயம் போடுங்க. அந்த பேட்டரியோட ரெண்டு முனை உரசினா ஒயர் பழுத்துத் தீப்பிடிச்சிடும்.

பென்னாகரம் ரோடு

அண்ணா, நீங்க சொன்ன வரிசையிலேயே செஞ்சுட்டேன். தர்மபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில மூணு செல் இருக்கிற மினி யு.பி.எஸ். 1,350 ரூபாய்க்குக் கிடைச்சது. ரவுட்டரைக் கையோட எடுத்துட்டுப் போயிருந்தேன், கடையிலேயே பின் சொருகிப் பார்த்தேன். பெட்டியில இருந்த ஒயரைப் போட்டா நீங்க சொன்ன மாதிரியே கடகடன்னு ஆடிச்சு, லேசா சாய்ச்சா லைட் எல்லாம் அணைஞ்சது. 2.1 கேட்டேன். கடைக்காரர் டப்பாவுல துழாவி வேற ஒயர் எடுத்துக் கொடுத்தார். அது உள்ள போகும்போதே இறுக்கமா ஒரு பிடி பிடிச்சது, விரல்லயே தெரிஞ்சது. ரவுட்டரைத் தலைகீழாத் தூக்கிக் காட்டினேன், ஒயர் அசையல. 2 ஆம்பியர் அடாப்டரும் வாங்கிட்டேன்.

புதன்கிழமை மாசாந்திர ஷட்டவுன். காலையில ஒன்பதே காலுக்குக் கரண்ட் போச்சு. நாற்காலி போட்டு ரவுட்டர் முன்னாடியே உட்கார்ந்துட்டேன். பவர் பச்சை, பான் பச்சை, அப்படியே நின்னுச்சு. ஒன்பது நாற்பதுக்கு எல்.ஓ.எஸ். சிவப்பு அடிக்க ஆரம்பிச்சது. சரியா இருபத்தஞ்சு நிமிஷம்.

எங்க கேபிள்காரருக்குப் போன் பண்ணினேன். மளிகைக்கடை மாடியில மெஷின் இருக்குன்னார். அவர் வந்து தகரப் பெட்டியைத் திறந்தப்போ நானும் கடைக்காரரும் கூட இருந்தோம். உள்ள அனல் அடிச்சது. பழைய கம்ப்யூட்டர் யு.பி.எஸ். ஒண்ணு, அதோட பேட்டரி ரெண்டு பக்கமும் உப்பி, பெட்டியை விட்டு எடுக்க வரல. மொத்தம் 38 வீட்டு லைன் அதுல ஓடுதாம். அதுல பிளஸ் டூ படிக்கிற பிள்ளைங்க இருக்காங்க, பால் சொசைட்டி கணக்கு போடறவங்க இருக்காங்க. மெஷின் 30 வாட்டுக்கு மேல எடுக்காதுன்னு கேபிள்காரர் சொன்னதும், கடைக்காரர், "நம்ம கடை இன்வெர்ட்டர்ல இருந்தே ஒரு பாயிண்ட் இழுத்துக்கோ"ன்னுட்டார். அதுக்குப் பதிலா இனி அவர்கிட்ட நெட் பில் வாங்கறதில்லன்னு ரெண்டு பேரும் அங்கேயே பேசி முடிச்சாங்க. மாறற இடைவெளிக்கு அந்த மெஷினுக்கும் ஒரு புது பேட்டரி போட்டாச்சு. தகரப் பெட்டியை மாடிப்படிக்குக் கீழ, நிழலுக்கு இறக்கிட்டாங்க.

நேத்து ராத்திரி 1.10க்குக் கரண்ட் போச்சு. எனக்குத் தெரியவே இல்ல. புழு மனையில லைட் ஒரு சிமிட்டு சிமிட்டினதைப் பார்த்து அத்தைதான் ஜன்னல்ல வந்து, "உனக்கு நின்னுபோச்சாம்மா?"ன்னு கேட்டாங்க. திரும்பி ரவுட்டரைப் பார்த்தேன், எல்லா லைட்டும் பச்சை. "இல்லத்தை, ஓடுது"ன்னேன். 2.05க்கு வந்துச்சு, அப்பவும் நிக்கல. பக்கத்துல பையன் தூங்கிட்டு இருந்தான்.

உங்க எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஒரே ஒரு சந்தேகம் அண்ணா. பள்ளிக்கூட லீவுக்கு ஊருக்குப் போனா இந்தப் பெட்டியை என்ன பண்ணணும்? அப்படியே சொருகி வச்சுட்டுப் போகலாமா?

காவேரிப்பட்டணம் கேபிள்

பத்து நாள்னா மெயினை ஆஃப் பண்ணி, பெட்டியில இருக்கிற பட்டனையும் அணைச்சுட்டுப் போ, ஒண்ணும் ஆகாது. மாசக்கணக்குல பூட்டற மாதிரி இருந்தா ரவுட்டரை அதுல ஒரு மணி நேரம் ஓட விட்டு, பாதி இறங்கினதும் அணைச்சு வை. சுத்தமா காலி பண்ணி மட்டும் வைக்காதே, செல் திரும்ப எழாது. மாசம் ஒரு தடவை பெட்டியைத் தடவிப் பாரு. பக்கம் உப்பலா இருந்தாலோ, கை வைக்க முடியாத சூடு இருந்தாலோ அன்னைக்கே கழட்டி வெளியில வச்சிடு. கேபிள்காரரை அந்த மாடிப்படி பேட்டரியையும் வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கச் சொல்லும்மா.